மூன்று படிவங்களிலும் இல்லாத ஆயா

"ரத்த மாதிரின்னா இன்னாமா? ரத்தம் மாதிரியா? அப்ப அது ரத்தம் இல்லியா?"

வேலூர் மாவட்டத்தில், அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம் ஒரு கிராமத்தில், திண்ணையில் உட்கார்ந்து மல்லாட்டை (வேர்க்கடலை) உரித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா என்னைக் கேட்டார். என் கையில் ஒப்புதல் படிவம். அதில், "தங்களிடமிருந்து 5 மி.லி. இரத்த மாதிரி சேகரிக்கப்படும்" என்று அச்சாகியிருந்தது. அந்த வரியை எழுதியவள் நான்தான். வேலூரில் மேசையில் உட்கார்ந்து எழுதும்போது அதில் எந்தக் குறையும் தெரியவில்லை. அந்தத் திண்ணையில்தான் தெரிந்தது. "மாதிரி" என்றால் ஊரில் "போல" என்றுதான் அர்த்தம். அவர் கேட்டது முழுக்க முழுக்க நியாயமான கேள்வி.

அன்று மாலையே அந்த வரியை மாற்றினேன். "உங்கள் கையிலிருந்து ஒரு சின்ன ஸ்பூன் அளவு ரத்தம் எடுப்போம். அதைப் பரிசோதித்துப் பார்ப்போம்." இவ்வளவுதான். கிட்டத்தட்ட இருபத்தைந்து வருடங்களாக நான் செய்துவரும் வேலை இதுதான். கேள்வித்தாள்களைத் தமிழில் எழுதுவேன், பிறகு அவற்றை எடுத்துக்கொண்டு வாசற்படி வாசற்படியாகப் போய்க் கேட்பேன். மருத்துவ ஆய்வு, விவசாயப் பொருளாதாரம், கல்வெட்டு, ஊர்த் திருவிழா என்று துறை மாறும், வாசற்படி மாறுவதில்லை. நான் அலையும் இந்தப் பகுதிக்குப் பழைய பெயர் வட ஆற்காடு. அந்தப் பெயரில் இன்று ஒரு மாவட்டமே கிடையாது. 1989-ல் இரண்டானது, 2019-ல் வேலூரும் மூன்றாகப் பிரிந்தது. ஆனால் ஆய்வாளர்கள் இன்னும் அந்தப் பழைய பெயரைச் சொல்லிக்கொண்டுதான் வருகிறார்கள். அவர்களுடைய பழைய தரவுகள் எல்லாம் அந்தப் பெயரில்தான் இருக்கின்றன.

ஒரு சொல் எங்கே சறுக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. குழந்தைகளின் வயிற்றுப்போக்கைப் பற்றிய கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரத்துக்குள் மூன்று தடவையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போனால் அது வயிற்றுப்போக்கு என்பது மருத்துவ வரையறை. "கொழந்தைக்கு பேதி ஆச்சா?" என்று கேட்டால் பல அம்மாக்கள் இல்லை என்பார்கள். பல் முளைக்கும் நேரத்தில் போவது அவர்கள் கணக்கில் பேதியே கிடையாது. அது பல்லுக்காகப் போவது, தானாக நின்றுவிடும். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுடைய வகைப்பாடு வேறு. அதனால் கேள்வியை இப்படி மாற்றினோம்: "நேத்து காத்தாலேர்ந்து இன்னிக்கு காத்தால வரைக்கும் எத்தினி வாட்டி போச்சி? தண்ணியாவா, கெட்டியாவா?" இருபத்து நான்கு மணி நேரம் என்று சொன்னால் யாருக்கும் மனதில் நிற்காது. காத்தாலேர்ந்து காத்தால வரைக்கும் என்றால் நிற்கும்.

தடுப்பு மருந்துச் சோதனைகளில் எந்தக் குழந்தைக்கு மருந்து, எந்தக் குழந்தைக்கு மருந்தில்லாத சொட்டு என்பதை யாரும் தேர்ந்தெடுக்கக் கூடாது, தற்செயலாக அமைய வேண்டும். அதைக் "குலுக்கல் முறை" என்று எழுதினேன். ஒரு தாத்தா, "பரிசு எவ்ளோ?" என்று கேட்டார். "சீட்டு எடுத்துப் பார்ப்பது போல" என்று மாற்றினேன். சீட்டு என்றால் வேலூரில் மாசாமாசம் கட்டும் சீட்டுதான். கட்டிய பணத்தை இழந்த குடும்பங்கள் இருக்கும் தெருவில் அந்தச் சொல்லைக் கேட்டதும் முகம் மாறியது. கடைசியில் பூவா தலையாவில் வந்து நின்றோம். காசைச் சுண்டி விட்டால் யார் கையிலும் எதுவும் இல்லை என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

நிலத்தைப் பற்றிக் கேட்கும்போது இன்னொரு சிக்கல். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் கழனியை இன்னும் காணியில்தான் சொல்வார்கள். நூறு குழி ஒரு காணி. ஒரு குழி 24 அடிக்கு 24 அடி, அதாவது 576 சதுர அடி. பெருக்கிப் பார்த்தால் ஒரு காணி 57,600 சதுர அடி, ஏக்கரில் சொன்னால் 1.32. நான் வேலை செய்த ஒரு கணக்கெடுப்பில், கணினியில் ஏற்றிய பையன் "2 காணி" என்று இருந்ததை எல்லாம் 2 ஏக்கர் என்று ஏற்றிவிட்டான். வீட்டுக்கு 64 சென்ட் காணாமல் போனது. மகசூலை ஏக்கரால் வகுத்தபோது அந்த ஊரில் சின்ன விவசாயிகள் அபாரமாக விளைவிப்பதுபோல ஒரு படம் வந்தது. நல்ல வேளையாக ஒருவருக்குச் சந்தேகம் வந்து திரும்பப் பார்த்தார்.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்களுக்காகத்தான் அடுத்துச் சொல்லப்போவதைச் சொல்கிறேன். இந்த மண்ணில் வாசற்படிகளில் கேட்டு எழுதியவை உலகத்தின் மருத்துவ அறிவையே திருத்தியிருக்கின்றன, அதுவும் இரண்டு தடவை.

முதல் தடவை 1972-ல். வாய்வழி போலியோ சொட்டு மருந்து அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மூன்று தவணையில் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் காத்தது. அதே மூன்று தவணையை இங்கே கொடுத்தால் அதே பலன் கிடைக்கும் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டி. ஜேக்கப் ஜான் அதைச் சோதித்துப் பார்த்தார். மூன்று தவணை போட்ட பிறகும் நம் குழந்தைகள் பலருடைய ரத்தத்தில் எதிர்ப்பாற்றல் உருவாகவில்லை. மருந்து கெட்டுப்போனதுதான் காரணம், குளிர்ப்பெட்டி சரியில்லாததுதான் காரணம் என்று சொல்லித் தப்பிக்க அவர் இடம் வைக்கவில்லை. அதே மருந்து, அதே குளிர், ஆனால் குடல் வேறு. இங்கே கூடுதல் தவணைகள் வேண்டும் என்ற வாதம் அங்கிருந்துதான் வலுப்பெற்றது. பல்ஸ் போலியோ நாளில் ஏற்கெனவே சொட்டு போட்ட குழந்தைக்கும் மறுபடி மறுபடி ஏன் போட்டார்கள் என்று உங்களில் யாராவது யோசித்திருந்தால், பதிலின் ஒரு பகுதி இதில் இருக்கிறது.

இரண்டாவது ரோட்டா வைரஸ். 1973-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ரூத் பிஷப்பும் அவருடைய குழுவினரும் கண்டுபிடித்த, சக்கரம் போன்ற வடிவமுள்ள வைரஸ். சின்னக் குழந்தைகளுக்குக் கடுமையான பேதியைக் கொண்டுவருவது. இதைப் பற்றி மெக்சிகோ நகரத்தில் குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து பின்தொடர்ந்து செய்த ஒரு ஆய்வு 1996-ல் வெளியானது. இரண்டு தடவை தொற்று வந்துபோன பிறகு எந்தக் குழந்தைக்கும் கடுமையான நோய் வரவில்லை என்றது அது. இயற்கையே இரண்டு தவணையில் தடுப்பூசி போட்டுவிடுகிறது என்று பொருள். தடுப்பு மருந்து செய்கிறவர்களுக்கு அது பெரிய நம்பிக்கையைக் கொடுத்தது.

வேலூரில் 2002-ல் ஒரு குழு அதே கேள்வியைக் கேட்கத் தொடங்கியது. சின்ன அல்லாபுரம், ராமநாயக்கன்பாளையம், கஸ்பா என்று பீடி சுற்றும் வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் பகுதிகள். 452 குழந்தைகளைப் பிறந்ததும் சேர்த்தார்கள். களப்பணியாளர்கள் வாரத்துக்கு இரண்டு தடவை வீட்டுக்குப் போனார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, குழந்தை நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், மலத்தை எடுத்துவந்து பரிசோதித்தார்கள். மூன்று வருடம் முடிந்தபோது 373 குழந்தைகள் கடைசிவரை இருந்தார்கள். நான் அந்த ஆய்வில் வேலை செய்யவில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். அந்த 373 குழந்தைகளுக்கு மட்டுமே ஒரு லட்சத்துக்கும் மேல் வாசற்படி வருகைகள். யாரோ ஒரு பெண் வெயிலிலும் மழையிலும் சாக்கடையைத் தாண்டிப் போய், "நேத்துலேர்ந்து எத்தினி வாட்டி போச்சி?" என்று ஒரு லட்சம் தடவை கேட்டிருக்கிறாள். ஒரு தாய் ஒரு லட்சம் தடவை பதில் சொல்லியிருக்கிறாள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

2011-ல் முடிவு வெளிவந்தது. இங்கே குழந்தைகளில் 56 விழுக்காடு ஆறு மாதத்துக்குள்ளேயே தொற்றைச் சந்தித்துவிடுகிறார்கள். திரும்பத் திரும்ப வருகிறது. மூன்று தடவை தொற்று வந்த பிறகும் மிதமான, கடுமையான நோயிலிருந்து கிடைக்கும் பாதுகாப்பு 79 விழுக்காடுதான். மெக்சிகோவில் இரண்டில் முடிந்தது இங்கே மூன்றிலும் முடியவில்லை. நாற்பது வருட இடைவெளியில் வேறு வைரஸ், வேறு மருந்து, வேறு மனிதர்கள். ஆனால் குடல் வேறு என்ற அதே செய்தி. அதே வருடம் டெல்லி, புனே, வேலூர் மூன்று இடங்களிலும் இந்தியாவிலேயே செய்த ரோட்டா சொட்டு மருந்தின் சோதனை தொடங்கியது. 6,799 குழந்தைகள். வேலூரில் அதை நடத்தியவர் ககன்தீப் காங். பிறகு 2019-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் உறுப்பினரான முதல் இந்தியப் பெண் விஞ்ஞானி அவர். மருந்து முதல் வயதில் கடுமையான நோயை 56 விழுக்காடு குறைத்தது. பணக்கார நாடுகளில் இத்தகைய மருந்துகள் காட்டிய எண்ணைவிட இது குறைவு. ஆனால் பேதியில் இத்தனை குழந்தைகளை இழந்த நாட்டில் பாதியைக் குறைப்பது எவ்வளவு பெரிய காரியம். 2017-லிருந்து தமிழ்நாட்டில் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் ரோட்டா சொட்டு இலவசமாகக் கிடைக்கிறது. ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில்.

அப்பா ஆரணியில் தமிழாசிரியர். சாயந்தரங்களில் கோயில் மண்டபத்தில் சைவ சித்தாந்த வகுப்பு எடுப்பார். அளவை என்று ஒரு பாடம் வரும். ஒன்றை அறிவதற்கு வழி என்ன என்ற கேள்வி. காண்டல், கருதல், உரை என்று மூன்று. கண்ணால் கண்டு அறிவது காண்டல். மலையில் புகை தெரிகிறது, அதனால் அங்கே நெருப்பு இருக்கிறது என்று அறிவது கருதல். நம்பத் தகுந்தவர் சொல்லி அறிவது உரை. உரை மூன்றாவதாக வருவதால் கடைசித் தரம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அப்பா கேட்டார்: "நீ பொறந்த நாளை நீ கண்டியா? கருதி அறிய முடியுமா? உங்கம்மா சொல்லித்தானே தெரியும்?"

ஆய்வுக் கட்டுரைகளைத் தமிழாக்க ஆரம்பித்த பிறகு அந்தக் கேள்வி எனக்கு வேறு விதமாகத் திரும்பி வந்தது. ஆய்வகத்தில் மலத்தைப் பரிசோதித்து வைரஸைப் பார்ப்பது காண்டல். எண்களை வைத்து முடிவுக்கு வருவது கருதல். ஆனால் குழந்தைக்கு நேற்று எத்தனை தடவை போனது என்பதை எந்தக் கருவியும் பார்க்கவில்லை. அது ஒரு தாயின் உரை. எத்தனை மூட்டை விளைந்தது, எவ்வளவு கடன், எத்தனை வேளை சாப்பாடு, எந்தச் சாமிக்கு எப்போது பொங்கல் என்று பொருளாதாரமும் பண்பாட்டு ஆய்வும் அடியிலிருந்து உச்சிவரை உரையின் மேல்தான் நிற்கின்றன. கட்டுரையின் கடைசிப் பக்கத்தில், "இவை மக்கள் தாமாகச் சொன்னவை, ஆகவே பிழைகள் இருக்கலாம்" என்று ஒரு வரி வரும். நானும் அதை எத்தனையோ தடவை மொழிபெயர்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் மனசு வலிக்கும். கேள்வி பிழையாக இருந்திருக்கலாம் என்ற வரியை நான் இதுவரை மொழிபெயர்த்ததே இல்லை.

சம்மதம் வாங்குவதிலும் இதே கதைதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, நாஜி மருத்துவர்கள்மீது நடந்த வழக்கின் தீர்ப்பில், 1947-ல், மனிதர்மேல் நடத்தும் சோதனைக்கு அவருடைய சொந்தச் சம்மதம் கட்டாயம் என்று எழுதினார்கள். நம் நாட்டிலும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1980-லிருந்தே நெறிமுறைகள் வகுத்திருக்கிறது. எல்லாம் சரி. ஆனால் எங்கள் பக்கத்தில் வாசலுக்கு வந்தவரிடம் முடியாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "வெயில்ல வந்துகீறியே, மோர் குடி" என்று சொம்பை நீட்டிவிட்டு, "எங்க கையெழுத்து போடணும்?" என்பார்கள். அது விருந்தோம்பல். அதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ள எனக்கு மனம் வராது. அதனால் நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். முதல் நாள் சொல்லிவிட்டுப் படிவத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுவேன். மறுநாள் போவேன். இஷ்டமில்லாதவர்கள் மறுநாள் கதவைச் சாத்தியிருப்பார்கள், அல்லது கழனிக்குப் போயிருப்பார்கள். அந்தச் சாத்திய கதவு அவர்களுடைய பதில். மேலதிகாரிகளுக்கு இது நேர விரயம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பொருளாதாரத்துக்கு வருகிறேன். காஞ்சிபுரத்துக்குக் கொஞ்ச தூரத்தில், மாமண்டூர் ஏரியை ஒட்டி, தூசி என்று ஒரு ஊர். அந்தக் காலத்து வட ஆற்காடு மாவட்டம். கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு, இந்தியப் பொருளாதாரம் என்ற பாடத்தின் முதல் பேராசிரியராக வந்தார். 1916-ல் தன் மாணவர்களிடம் கேள்வித்தாளைக் கொடுத்து அவரவர் ஊருக்குப் போய் எழுதி வரச் சொன்னார். அப்படி எழுதப்பட்ட ஊர்களில் ஒன்று தூசி. இருபது வருடம் கழித்து 1936-37-ல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் திரும்பக் கேட்க ஏற்பாடு செய்தார்கள். 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து எஸ். குகனும் கே. பரதனும் போனார்கள். ஒரே ஊரிடம் ஒரு நூற்றாண்டுக்குள் இத்தனை தடவை "இப்போது எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டது பெரிய விஷயம். அந்த முதல் மாணவர்கள் சொந்த ஊரைப் பற்றி எழுதினார்கள் என்பதை நான் எப்போதும் நினைத்துக்கொள்வேன். அவர்களுக்குக் காணியை ஏக்கர் என்று எழுதும் ஆபத்து இருந்திருக்காது.

திரும்பப் போய்க் கேட்பதால் என்ன கிடைக்கும் என்பதற்கு வட ஆற்காட்டைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1973-74-ல் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து அமைத்த ஒரு குழு இங்கே 11 கிராமங்களை ஆராய்ந்தது. பசுமைப் புரட்சியின் புது நெல் வந்த நேரம். எதிர்பார்த்த அளவுக்குப் புது ரகம் பரவவில்லை, முந்திக்கொண்டவர்கள் பெரிய விவசாயிகள்தான் என்ற சித்திரம் கிடைத்தது. 1980-களின் தொடக்கத்தில் பொருளாதார ஆய்வாளர் பீட்டர் ஹேசலும், தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் சி. ராமசாமியும் மற்றவர்களும் அதே ஊர்களுக்குப் போனார்கள். சிறு விவசாயிகளும் புது ரகத்துக்கு மாறிவிட்டிருந்தார்கள். கூலி வேலை செய்தவர்களின் நிலையும் முன்னேறியிருந்தது. விவசாயத்தில் 1 ரூபாய் வருமானம் கூடினால், இந்தப் பகுதியின் மற்றத் தொழில்களில் இன்னும் 87 பைசா கூடுகிறது என்று கணக்கிட்டார்கள். தையல்காரர், டீக்கடை, லாரி எல்லாம் அந்த 87 பைசாவில் இருக்கின்றன. முதலில் வந்தவர்கள் தவறாகப் பார்க்கவில்லை. அன்று கண்டதை எழுதினார்கள். அதோடு நின்றிருந்தால் பாதிக் கதைதான் பாடப்புத்தகத்தில் ஏறியிருக்கும்.

பாலாற்றையும் ஒரு வரியாவது சொல்லாமல் விட முடியாது. தோல் தொழிற்சாலைக் கழிவால் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வின் எண்ணை, 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் எடுத்துக்கொண்டது. வேலூர் குடிமக்கள் தொடுத்த வழக்கு அது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அதில்தான் உறுதியாகச் சொன்னார்கள். கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்று வாசற்படியில் சொன்னது, ஆய்வாகி, தீர்ப்பாகி நின்றது.

இப்போது தலைப்பில் சொன்ன அந்த ஆயா. எங்கள் பக்கத்தில் ஆயா என்றால் பாட்டி.

வேலூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு கிராமம். குடும்ப வருமானம், உணவு, உடல்நலம் மூன்றையும் சேர்த்து எடுத்த ஒரு கணக்கெடுப்பு. எந்த ஆய்விலும் முதல் கேள்வி "குடும்பம்" எது என்பதுதான். ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம் என்பது வழக்கமான வரையறை. நல்ல வரையறைதான். ஒரே வாசலுக்குள் மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தாலும் மூன்று அடுப்பு என்றால் மூன்று குடும்பம், மூன்று படிவம். அந்த வாசலிலும் அப்படித்தான் எழுதினேன். பெரியவர் வீட்டில், "உங்க அடுப்புல எப்பவும் சாப்பிடறவங்க பேரைச் சொல்லுங்க" என்றேன். சொன்னார். நடுவில் உள்ளவர் சொன்னார். சின்னவர் மனைவி சொன்னார். ஒருவரும் பொய் சொல்லவில்லை.

மூன்று படிவமும் முடித்து எழுந்தபோது, வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த ஆயா கேட்டார். "என்னையும் எழுதிக்கினியா கண்ணு?"

எழுதவில்லை. ஆயா மூன்று மகன்களிடமும் முறைச் சாப்பாடு. மாதத்தில் சில நாள் இங்கே, சில நாள் அங்கே. யாருடைய அடுப்பிலும் "எப்பவும்" சாப்பிடுகிறவர் இல்லை. நான் போன அன்று முறை மாறும் நாள் வேறு. ஆறு மாதம் தொடர்ந்து ஒரே அடுப்பில் இருந்தவர்களை மட்டும் சேர்க்க வேண்டும் என்பது படிவத்தின் விதி. அந்த ஊரில் பசியைப் பற்றிச் சொல்வதற்கு மிகவும் தகுதியானவர் அவர்தான். ஒரு மகன் வீட்டு முறை முடிந்து அடுத்த மகன் வீட்டு உலை கொதிப்பதற்குள் விடுபடும் ஒரு வேளையை அவரைத் தவிர யாரும் சொல்ல முடியாது. மேற்பார்வையாளரிடம் சொன்னேன். விதியில் இல்லாததைச் சேர்த்தால் ஒப்பிட முடியாது, விட்டுவிடுங்கள் என்றார். ஒப்பிட முடியாது என்பது நியாயமான வாதம்தான். ஆனாலும் விட்டுவிடுவது சரியில்லை. இப்படி எத்தனை ஊரில் எத்தனை ஆயாக்கள் மூன்று உண்மையான பதில்களுக்கு நடுவில் விழுந்து காணாமல் போயிருப்பார்கள் என்ற நினைப்பு அன்றிலிருந்து என்னை விடவில்லை. அதற்குப் பிறகு நான் தமிழில் எழுதும் எந்தக் குடும்பப் பட்டியலிலும் கடைசியில் ஒரு கேள்வி சேர்க்கச் சொல்லிச் சண்டை போடுகிறேன்: "இந்த வீட்டில் முறைச் சாப்பாட்டுக்கு வருகிறவர்கள் யாராவது உண்டா?" சில குழுக்கள் சேர்த்திருக்கின்றன.

செங்கம் பக்கத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல் உண்டு. செங்கம் வட்டார நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறையினர் 1970-களின் தொடக்கத்தில் தேடித் தேடிப் படியெடுத்தபோது வெளிச்சத்துக்கு வந்தவற்றில் ஒன்று. மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டு. தூசிக்குப் பக்கத்தில் மாமண்டூர்க் குன்றில் குடைவரை எடுத்தானே, அதே அரசன். எருமைகளைக் காக்கப் போய் மாண்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். கல்லில் வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாய் நிற்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுதியிருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டில், ஒரு ஊரில், ஒரு சண்டையில், என்ன நடந்தது, யார் செத்தார், எந்த நாய் என்ன செய்தது என்பதைப் பெயரோடு எழுதி, நடந்த வட்டாரத்திலேயே, அங்கே பேசும் மொழியிலேயே நட்டுவைத்தார்கள்.

அந்தக் கல்லைப் பற்றிய குறிப்பைத் தமிழாக்கிய அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நாயின் பெயர்கூட இருக்கிறது. ஆயாவின் பெயர் மூன்று படிவங்களிலும் இல்லை. வாசற்படிகளில் சேகரித்த எத்தனையோ முடிவுகள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அச்சாகி, சந்தா கட்டினால்தான் திறக்கும் பக்கங்களில் இருக்கின்றன. பதில் சொன்னவர்களின் தெருவில் அதை ஒருவர் தமிழில் ஒரு தடவை படித்துக்காட்ட வேண்டும். என்னால் முடிந்த இடங்களில் அதைச் செய்ய ஆரம்பித்திருக்கிறேன். ஒரு தாளில் பெரிய எழுத்தில் பதினைந்து வரி. இந்தக் கேள்விகளைக் கேட்டோம், நீங்கள் இப்படிச் சொன்னீர்கள், இது தெரியவந்தது, இது இன்னும் தெரியவில்லை. ரேஷன் கடை வாசலில், அங்கன்வாடியில், கெங்கையம்மன் கோயில் மேடையில். கேட்பவர்கள் கேட்டுவிட்டுச் சும்மா போவதில்லை. "அதான் எங்களுக்குத் தெரியுமே" என்பார்கள் சில சமயம். சில சமயம், "இது தப்பு, இந்தத் தெருவுல அப்படி இல்ல" என்பார்கள். அந்த இரண்டாவது வாக்கியத்துக்காகவே நான் போகிறேன்.

போன தை மாதம் அந்தக் கிராமத்துக்கும் போனேன். படித்துக் காட்டி முடித்த பிறகு வேப்பமரத்தடிக்குப் போய் ஆயா பக்கத்தில் உட்கார்ந்தேன். படிவம் இல்லை, என் சொந்த நோட்டுதான். பெயர் கேட்டு எழுதிக்கொண்டேன். வயது கேட்டேன். பெரிய புயலடித்த வருசம் பெரியவன் கைக்குழந்தை என்றார். அதையும் எழுதினேன்.

"மூணு பேர் வூட்லயும் பத்துப் பத்து நாளா ஆயா?"

"இன்னாத்துக்குப் பத்து? பெரியவன் வூட்ல பத்து. நடுவுலவன் வூட்ல பன்னண்டு. சின்னவன் வூட்ல எட்டுதான். அவன் பொண்டாட்டி ஷூ கம்பெனிக்கு காத்தால ஏழு மணிக்கே போயிடறா, ஆக்கிப் போட ஆளில்ல."

"முப்பத்தொண்ணு வர்ற மாசம்?"

ஆயா என்னை ஒரு தடவை பார்த்தார். "அன்னிக்குப் பொண்ணு வூட்டுக்குப் பஸ் ஏறிடுவேன். அவளை ஒருத்தரும் கேக்கறதே இல்ல. அதையும் எழுதிக்கோ."